அழைப்புக் கடிதமும் ஓர் ஒப்பந்தமே!

தோட்டத்துப் பிள்ளை டாக்டராவதா என்று கேட்டுச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகிற தாய்க்கும், மருந்தடிக்கப் போகிற தந்தைக்கும் பிறந்த பிள்ளைகள் இன்று எஸ்.டி.பி.எம். தேர்விலும் மெட்ரிகுலேஷன் படிப்பிலும் முன்னணியில் நிற்கின்றனர். மருத்துவக் கல்லூரிகளிலிருந்து அவர்களுக்கு அழைப்புக் கடிதங்கள் வருகின்றன. சில வீடுகளுக்கு ஒன்றல்ல, இரண்டு மூன்று கடிதங்கள் வருகின்றன. நாம் நெஞ்சு நிமிர்ந்து மகிழ வேண்டிய செய்தி இது.

மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கேள்வியும் பிறக்கிறது. இத்தனை கடிதங்களில் எதை ஏற்பது? எதைத் தள்ளுவது?

இக்கேள்விக்கு நம் வீடுகளில் விடை காணும் முறையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். பக்கத்து லயத்துக்காரர் ஒன்று சொல்கிறார். மைத்துனர் ஒன்று சொல்கிறார். கோயில் திருவிழாவில் பார்த்த யாரோ ஒருவர் வேறொன்று சொல்கிறார். கடைசியில் எந்தக் கல்லூரியின் ஆள் வீட்டுக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசினாரோ, அந்தக் கல்லூரிக்குப் பணம் கட்டப்படுகிறது. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தால், "தராசை மறுபடியும் பாருங்கள் ஐயா" என்று கேட்கத் தெரிந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், மூன்று இலட்சம், நான்கு இலட்சம் வெள்ளிக்கு நம்மைக் கட்டிப்போடுகிற கடிதத்தை முழுவதும் படிக்காமலே கையெழுத்திடலாமா?

அழைப்புக் கடிதம் பரிசுச் சீட்டு அல்ல. அது ஓர் ஒப்பந்தம். சம்பள ஒப்பந்தத்தை எப்படி ஒவ்வொரு ஷரத்தாகப் படித்து, சந்தேகம் கேட்டு, பிறகு கையெழுத்திடுகிறோமோ, அப்படியே இதையும் படிக்க வேண்டும் என்பது எமது கருத்து.

ஒரு வாசல் இருந்த காலமும் பல வாசல் இருக்கும் காலமும்

இந்நாட்டு மக்களுக்கு மருத்துவக் கல்வி கிடைத்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1905-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் முதல் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. அரசாங்கம் தானாக முன்வந்து அதைத் தந்துவிடவில்லை. டான் ஜியாக் கிம் என்னும் பிரமுகர் முன்னின்று, பொதுமக்களிடம் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்த பிறகே அது பிறந்தது. பின்னர் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்று, 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கோலாலம்பூரில் மருத்துவப் பிரிவு தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது 1964-இல்தான். பிறகு 1972-இல் தேசியப் பல்கலைக்கழகத்திலும், 1979-இல் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் மருத்துவப் பிரிவுகள் வந்தன. தொண்ணூறுகளில் தனியார் கல்லூரிகள் தோன்றின. 2001-இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் எழுந்தது.

கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகியதைக் கண்டு, 2011-ஆம் ஆண்டில் அரசாங்கமே புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தடை போட்டது. நாட்டில் இன்று முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கல்லூரிகளின் வாசல்களும் திறந்திருக்கின்றன.

ஒரே வாசல் இருந்த காலத்தில் நம் கேள்வி "இடம் கிடைக்குமா?" என்பதுதான். கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பல வாசல்கள் இருக்கும் காலத்தில் கண்ணைத் திறந்து பார்த்தே உள்ளே போக வேண்டும். இடம் கிடைத்துவிட்டது என்பதனாலேயே அது நல்ல இடம் ஆகிவிடாது.

முதற் கேள்வி: பட்டம் செல்லுமா?

பிள்ளை ஐந்தாண்டு படித்துப் பட்டத்தோடு வந்து நிற்கும்போது, அந்தப் பட்டத்தை இந்நாடு ஏற்குமா? எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி, எந்தக் கல்லூரியின் பட்டம் செல்லும் என்பதை மலேசிய மருத்துவ மன்றம் பார்த்துக்கொள்கிறது. அதற்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் உள்ள கல்லூரியில் படித்தவர் நேரே பதிவு பெற்றுப் பயிற்சி டாக்டராகச் சேரலாம். பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர், நாடு திரும்பித் தகுதித் தேர்வு ஒன்று எழுதித் தேறிய பிறகே டாக்டராகப் பதிய முடியும். தேறும் வரைக்கும் கையில் பட்டம் இருக்கும், வேலை இருக்காது. வட்டி மட்டும் மாதந்தவறாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

பட்டியல் மாறக்கூடியது என்பதையும் மறக்கலாகாது. 2005-ஆம் ஆண்டில், நம் நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்து வந்த கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மருத்துவ மன்றம் மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அப்போது எத்தனை வீடுகளில் அடுப்பெரியாமல் பெற்றோர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

சிங்கப்பூரில் வேலை செய்யலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர் தனக்கென்று வேறொரு பட்டியல் வைத்திருக்கிறது. 2019-இல் அந்த நாடு தன் பட்டியலிலிருந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை 160-இலிருந்து 103-ஆகக் குறைத்தது. ஆகவே இங்கே செல்லும் பட்டம் அங்கேயும் செல்லும் என்று நம்பிவிடக் கூடாது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைக் கல்லூரியின் ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது வீண். மருத்துவ மன்றத்திடமே கேட்க வேண்டும். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைக்காசு வாங்குகிறவர்

கல்லூரிகளின் ஏஜெண்டுகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நம் பாட்டனார்களை ஊரிலிருந்து கப்பலேற்றியவர் கங்காணி. "அங்கே தேங்காய்க்கும் மாங்காய்க்கும் குறைவில்லை" என்று சொல்லி ஆள் சேர்த்தார். சேர்த்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் அந்த ஆள்பிடிப்பு நின்றது.

இன்று மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிள்ளை பிடிக்கிற ஏஜெண்டும் தலைக்குக் கமிஷன் வாங்குகிறவர்தான். எல்லா ஏஜெண்டுகளும் பொய்யர்கள் என்று நாம் சொல்லவில்லை. சிலர் விமான நிலையம் வரை வந்து உதவுகிறார்கள். ஆனாலும், தமக்குக் கமிஷன் தராத கல்லூரியைப் பற்றி அவர் வாய் திறப்பாரா? அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கே போ என்று உங்கள் மகளுக்குப் புத்தி சொல்வாரா? கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள், ஏஜெண்டின் பேச்சை நம்பி விமானம் ஏறக் கூடாது.

இரண்டாம் கேள்வி: கடைசி நாள் வரை எவ்வளவு?

கடிதத்தின் முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அது முதலாண்டுக் கட்டணமாகவோ, முதற் பருவக் கட்டணமாகவோ இருக்கலாம். நமக்கு வேண்டியது அதுவன்று. பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படும் நாள் முதல் பட்டம் வாங்கும் நாள் வரை மொத்தம் எவ்வளவு? விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து எவ்வளவு? கட்டணம் ஆண்டுதோறும் ஏறுமா? பிள்ளை ஓர் ஆண்டு தவறிவிட்டால் அந்த ஆண்டுக்கு மறுபடியும் கட்ட வேண்டுமா? நடுவில் விலகினால் கட்டிய பணம் திரும்புமா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத கல்லூரியை நாம் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் கல்லூரி ஒன்றில் மொத்தச் செலவு 350,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் வேலை செய்து, இருவருக்கும் அதே சம்பளம் என்றால், ஆண்டுக்கு 40,800 வெள்ளி. இருவரும் ஒரு வேளைச் சோறும் உண்ணாமல், ஒரு துணியும் வாங்காமல் சேர்த்து வைத்தாலும் அந்தத் தொகை சேர எட்டரை ஆண்டுக்கு மேலாகும்.

மாறாக, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் வழக்கமான வாசல் வழியே இடம் கிடைத்தால், செலவில் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. ஐந்தாண்டுக்கும் சேர்த்து மாணவர் கட்டும் கல்விக் கட்டணம், தனியார் கல்லூரியில் ஒரு பருவத்துக்குக் கட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. சில அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் தனி வாசல் ஒன்றும் வைத்திருக்கின்றன. அதன் வழியே சேருகிறவர்களுக்குக் கட்டணம் மிக அதிகம். கடிதத்தின் தலைப்பில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் முத்திரையைப் பார்த்ததும் மயங்கிவிடாமல், எந்த வாசலின் கடிதம் என்று பார்க்க வேண்டும்.

வெளிநாடு என்றால் நாணயத்தின் கணக்கும் வருகிறது. 1997-ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு நம் வெள்ளி ஏறத்தாழ இரண்டரைதான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் அதை 3.80 என்று கட்டி நிறுத்தியது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் கட்ட வேண்டிய மாணவனுக்கு 25,000 வெள்ளியாக இருந்த செலவு 38,000 வெள்ளியாயிற்று. கல்லூரி ஒரு காசு ஏற்றவில்லை. பிள்ளையும் ஒரு தவறும் செய்யவில்லை. இருந்தும் தந்தையின் சுமை பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

மூன்றாம் கேள்வி: யார் கையெழுத்து? யார் சேமநிதி?

பணம் எங்கிருந்து வரப் போகிறது என்று கேட்டால், "கடன் வாங்கலாம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தக் கடன்?

1997-இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் உள்நாட்டுக் கல்லூரிகளில் படிப்போருக்கு உரியது. வெளிநாட்டுக்குப் போகிறவர் அதை நம்ப முடியாது. உள்நாட்டில் படித்தாலும், தனியார் கல்லூரியின் கட்டணத்தில் அந்தக் கடன் எவ்வளவை ஈடுகட்டும், மீதி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். அந்த மீதிதான் குடும்பத்தைக் குப்புறத் தள்ளுவது. மீதிக்கு வங்கியில் 200,000 வெள்ளி கடன் வாங்கினால், நூற்றுக்கு ஆறு வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 12,000 வெள்ளி வட்டி. அதாவது மாதம் ஆயிரம். அசலில் ஒரு காசு குறையாமல், வட்டிக்கு மட்டும் மாதம் ஆயிரம்!

அடுத்து, சேமநிதி. 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டவர்களின் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிந்து நிற்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காக எடுக்க இடம் தருவது செஜாத்திரா கணக்கு. மாதாமாதம் சேர்வதில் நூற்றுக்குப் பதினைந்துதான் அதற்குப் போகிறது. அதை எடுப்பதில் தவறில்லை. ஆனால் 55 வயதில் கைக்கு வருகிற முழுத் தொகையையும் கல்லூரிக் கட்டணத்தில் கொட்டிவிடுகிற தந்தைமார்களை எண்ணித்தான் நாம் அஞ்சுகிறோம். தோட்டத்து வேலை முடிந்தால் தோட்டத்து வீடும் போகிறது. வீடு வாங்க வைத்திருந்த பணமும் போய்விட்டால், முதிய தாயும் தந்தையும் எங்கே படுப்பார்கள்? "மகன் டாக்டராகி எங்களைப் பார்த்துக்கொள்வான்" என்கிறார்கள். மகன் பார்த்துக்கொள்ளத்தான் நினைப்பான். ஆனால் அவன் சம்பளத்திலிருந்து கடன் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஜாமீன் கையெழுத்து வேறு இருக்கிறது. சித்தப்பா, தாய்மாமன் என்று இரக்கப்பட்டுக் கையெழுத்திடுகிறவர்களும் அந்தக் கடனில் பங்காளிகளே. ஒரு பிள்ளையின் படிப்புக்கு மூன்று குடும்பங்களை ஈடு வைக்கிறோம் என்ற அறிவோடு அந்தப் பேனாவைக் கையில் எடுக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: நோயாளி எங்கே?

மருத்துவம் புத்தகத்தில் மட்டும் படித்து முடிக்கிற படிப்பல்ல. முதல் ஈராண்டு வகுப்பறை என்றால், பிற்பகுதி முழுவதும் ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலருகே கற்பது. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும், செராசில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்துக்கும், கிளந்தான் குபாங் கிரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் சொந்த ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இடம் கேட்டு வாங்கிக் கற்பிக்கின்றன. அதில் குற்றமில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரி, அங்கே எத்தனை கல்லூரி மாணவர்கள் ஒரே வார்டில் நிற்கிறார்கள், பாடம் சொல்லும் டாக்டர்கள் நிலையாக இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். நோயாளி ஒருவர், மாணவர் இருபது பேர் என்றால், பின்வரிசையில் நிற்கிற பிள்ளை எதைக் கற்கும்?

கல்லூரி நிலைத்து நிற்குமா என்பதும் இதே கேள்வியின் பகுதியே. பினாங்கு மாநிலத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி 2014-இல் மூடப்பட்டது. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாறிப் போக நேர்ந்தது. 2022-இல் உக்ரேனில் போர் மூண்டபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஓடினார்கள்.

வெளிநாட்டுப் படிப்பே வேண்டாம் என்பது எம் வாதமல்ல. மணிப்பாலிலும் பெங்களூரிலும், மேடானிலும் பண்டோங்கிலும், மாஸ்கோவிலும் படித்து வந்து, இந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் பெயரெடுத்த டாக்டர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அந்நிய மொழியில் நோயாளியின் குறை கேட்டுப் பழகியவர், இங்கே வந்து மலாயிலும் தமிழிலும் கேட்கப் பழக வேண்டும். அந்தப் பாடும் கணக்கில் சேர வேண்டும்.

ஐந்தாம் கேள்வி: பட்டத்துக்குப் பிறகு என்ன?

"டாக்டராகிவிட்டால் அரசாங்க உத்தியோகம் நிச்சயம்" என்பது நம் பெற்றோரின் உறுதியான நம்பிக்கை. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 2008 முதல் ஈராண்டாக்கப்பட்ட பயிற்சிக் காலத்தை முடித்து, நிரந்தர உத்தியோகத்தில் அமரலாம் என்றிருந்தது.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நிலைமை மாறியது. புதிதாக வரும் டாக்டர்கள் காண்ட்ராக்டு முறையில் நியமிக்கப்பட்டார்கள். காண்ட்ராக்டு என்ற சொல்லைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரே நிரையில் வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு உள்ள உரிமை மற்றவருக்கு இல்லாமற் போவது எப்படி என்று நாம் பார்த்தவர்கள். அதே கதைதான் ஆஸ்பத்திரியிலும் நடந்தது. நோய்த் தொற்றுக் காலத்தில் இரவு பகல் உழைத்த அந்த இளம் டாக்டர்கள், பொறுக்க முடியாமல் 2021-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் கறுப்பு உடை தரித்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளியே வந்து நின்றார்கள். அதன் பிறகு நிரந்தரப் பதவிகள் கூட்டப்பட்டன என்பது உண்மை. எனினும், பட்டம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் நிரந்தர இடம் காத்திருக்கிறது என்று இன்றும் எவரும் உறுதி கூற முடியாது.

இதைச் சொல்வது பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்கல்ல. வேலை உறுதியில்லாத காலத்தில் பெருங்கடன் பெரும் ஆபத்து என்பதை உணர்த்தவே சொல்கிறோம். கடனில்லாத டாக்டர் காண்ட்ராக்டில் இருந்தாலும் நிமிர்ந்து நின்று தன் உரிமையைக் கேட்பார். இலட்சக்கணக்கில் கடன்பட்டவருக்கு அந்தத் துணிவு எளிதில் வராது.

தூரத்தைக் கண்டு அஞ்சலாமா?

இனி, இரண்டு கடிதங்கள் ஒரு வீட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, சபாவில் உள்ள அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். மற்றொன்று, வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள தனியார் கல்லூரியில் மருத்துவம். பிள்ளை பெண்பிள்ளை. "கடல் கடந்து அனுப்புவதா? சொந்த பந்தம் யாரும் இல்லாத ஊரில் எப்படி இருப்பாள்?" என்று தாய் கலங்குகிறாள்.

அந்தத் தாயின் கலக்கம் நமக்குப் புரிகிறது. ஆயினும் தயங்காமல் சொல்வோம்: அரசாங்க இடத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். சபாவானாலும் சரவாக்கானாலும் கிளந்தானானாலும் அது இந்த நாடுதான். ஆண்டுக்கு இரண்டு முறை விமானத்தில் வந்து போகும் செலவை, தனியார் கல்லூரியின் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பயிற்சி டாக்டராகும்போது எந்த மூலைக்கு அனுப்பினாலும் போகத்தானே வேண்டும்? அந்தத் துணிவு ஐந்தாண்டு முன்னதாகவே வரட்டும்.

காலக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. தனியார் கல்லூரியின் கடிதம் முந்தி வரும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் முடிவு பிந்தி வரும். "இத்தனை நாளுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்துவார்கள். முன்பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் கட்டாதீர்கள். அரசாங்க முடிவு சாதகமாக இல்லையென்றால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. அதற்குரிய நாட்கள் சிலவே. நாள் தவறினால் வழியும் அடைபடும்.

கடினமான கேள்வி

எல்லாவற்றிலும் கடினமான நிலை ஒன்று இருக்கிறது. நல்ல மதிப்பெண் எடுத்தும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கவில்லை. மருந்தியலோ, அறிவியலோ, தாதிமைப் படிப்போ கொடுத்திருக்கிறார்கள். தனியார் கல்லூரியோ மருத்துவத்துக்கே அழைக்கிறது. என்ன செய்வது?

இங்கே பிள்ளையின் மனம் உடைந்திருக்கும். மதிப்பெண் இருந்தும் ஏன் இடம் இல்லை என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் உரத்துக் கேட்கவே வேண்டும். ஆனால் அரசாங்கத்தின் மீதுள்ள கோபத்தை, வீட்டை அடகு வைத்துத் தீர்த்துக்கொள்ளக் கூடாது. நமக்கு இடம் தராதவர்கள் அந்தக் கடனைக் கட்ட வரமாட்டார்கள்.

உதவிச் சம்பளம் உறுதியாகக் கிடைத்திருந்தால், அல்லது குடும்பத்தின் கூரைக்கும் முதுமைக்கும் கேடில்லாமல் செலவைத் தாங்க முடியுமானால், தனியார் கல்லூரிக்குத் தாராளமாக அனுப்புங்கள். சேமநிதி முழுவதையும், வீட்டையும், உறவினரின் ஜாமீனையும் சேர்த்து வைத்தால்தான் முடியும் என்றால், அரசாங்கம் தந்த வேறு படிப்பை ஏற்பதே அறிவுடைமை என்பது எமது துணிபு. இதைப் படித்துச் சிலர் நம்மைக் கோபிக்கக்கூடும். "தோட்டத்துப் பிள்ளை டாக்டராகக் கூடாதா?" என்பார்கள். ஆக வேண்டும். ஆனால் பெற்றோர் தெருவில் நிற்க, பிள்ளை டாக்டராவது வெற்றியாகாது.

மருத்துவத் தொண்டு என்பது டாக்டர் ஒருவரால் மட்டும் நடப்பதுமல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரியில் நம் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் முன்னின்றவர் யார்? டிரெஸர் என்று நாம் அழைத்த ஆஸ்பத்திரி உதவியாளர்தானே? தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. நள்ளிரவில் லயத்துக் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்தவரை நாம் எந்த டாக்டருக்கும் குறைவாக மதித்ததில்லை. மருந்தாளரும் தாதியும் அதே தொண்டில் நிற்பவர்களே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். டாக்டராக வேண்டுமென்று விரும்புவது பிள்ளையா, பெற்றோரா? படிக்கப் போவதும், கண்விழிக்கப் போவதும், இரத்தத்தையும் மரணத்தையும் அன்றாடம் பார்க்கப் போவதும் பிள்ளைதான். "எங்களுக்காகப் போகிறாயா, உனக்காகப் போகிறாயா?" என்று தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். பதில் வரும் வரை பொறுத்திருங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்

இக்கடிதங்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ வருகின்றன. சிறிய எழுத்தில் பல பக்கம் இருக்கும். வெட்டுக்காட்டிலிருந்து களைத்து வந்த தாயால் அவற்றைப் படித்து முடிக்க இயலாது. ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் கிராணிமார்கள் இங்கே முன்வர வேண்டும். நாள்தோறும் கணக்கையும் கடிதத்தையும் பார்த்துப் பழகிய கண்கள் உங்களுடையவை. தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அழைப்பு வந்தது என்று கேள்விப்பட்டால், வாழ்த்துச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அந்தக் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள். மொத்தச் செலவை ஒரு தாளில் கூட்டிக் காட்டுங்கள். மருத்துவ மன்றத்துக்கும் கல்லூரிக்கும் எழுத வேண்டிய கடிதத்தை எழுதிக் கொடுங்கள். ஆயிரம் வெள்ளி நன்கொடையைவிட அந்த ஒரு மாலை பெரிய உதவி.

தொழிலாளத் தோழர்களே, நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதது குற்றமன்று. தெரியாத கடிதத்தில் கையெழுத்திடுவதுதான் குற்றம். கடிதம் வந்த அன்றே முடிவு செய்யாதீர்கள். எல்லாக் கடிதங்களையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வையுங்கள். பட்டம் செல்லுமா, மொத்தம் எவ்வளவு, யார் கையெழுத்து, நோயாளி எங்கே, பட்டத்துக்குப் பிறகு என்ன என்ற ஐந்து கேள்விகளையும் ஒவ்வொரு கடிதத்திடமும் கேளுங்கள். எந்தக் கடிதம் ஐந்துக்கும் நேரான பதில் சொல்கிறதோ, அதுவே உங்கள் பிள்ளைக்கு உரிய கடிதம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர். பிள்ளையின் கல்வி ஆற்றிலே போடுவதன்று, அது விதைப்பு. விதைப்பதற்கும் அளவு உண்டு. நம் பிள்ளைகள் டாக்டராகட்டும். அவர்கள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஏறும் நாளில், பெற்றோரின் தலைமேல் சொந்தக் கூரையும் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற வழியையே தேர்ந்தெடுப்போமாக!